பாம்பன் பாலத்தில் 75, தூக்குப் பகுதியில் 50: வேகம் குறைவதன் இயற்பியல்

பாம்பன் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில் பாலத்தை ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்கள் மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் போகலாம் என்று அனுமதித்திருந்தார். ஆனால் கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கப்படும் 72.5 மீட்டர் பகுதியில் மட்டும் 50 கி.மீ.தான். செய்தியைப் படித்த பலருக்கும் இங்கேதான் குழப்பம். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்து போனது புரிகிறது. புதுப் பாலத்தில், அதுவும் இவ்வளவு செலவழித்துக் கட்டிய தூக்குப் பகுதியில், எதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்?

"பாதுகாப்புக்காக" என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது எதையும் விளக்காது. ஓடும் ஒரு பொருள் எப்படி வேகம் குறைகிறது, குறையும்போது அந்த விசை யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால், ரயில் மட்டுமல்ல, தனுஷ்கோடி சாலையில் போகும் வேனும் பாலத்துக்கு அடியில் போகும் விசைப்படகும் ஒரே கணக்குக்குள் வந்துவிடும்.

முதலில் நான்கு சொற்கள்

1. வேகம், திசைவேகம்: எவ்வளவு விரைவாகப் போகிறோம் என்பது வேகம். எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தால் திசைவேகம். வளைவில் அதே 40 கி.மீ. வேகத்தில் திரும்பினாலும் திசைவேகம் மாறுகிறது. அதற்கும் விசை வேண்டும்.

2. முடுக்கம்: திசைவேகம் ஒரு நொடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பது. குறையும்போது எதிர் முடுக்கம். இரண்டும் ஒரே விஷயம்தான், குறி மட்டும் வேறு.

3. உந்தம்: நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது. இதை மாற்ற விசை சிறிது நேரம் செயல்பட வேண்டும். நேரம் குறைந்தால் விசை கூடியே ஆக வேண்டும்.

4. இயக்க ஆற்றல்: நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் (வேகத்தை வேகத்தாலேயே பெருக்கியது) பெருக்கினால் வருவது. வேகம் இரண்டு மடங்கானால் இது நான்கு மடங்காகும். நிற்க வேண்டுமானால் இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். பெரும்பாலும் பிரேக்கில் சூடாகப் போகிறது.

75-க்கும் 50-க்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது?

கணக்குக்காக, எஞ்சினும் பெட்டிகளும் பயணிகளும் சேர்ந்து 1,000 டன் உள்ள ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலை எடுத்துக்கொள்வோம். 75 கி.மீ. என்பது நொடிக்கு 20.8 மீட்டர். அந்த வேகத்தில் ரயிலின் இயக்க ஆற்றல் சுமார் 217 மெகாஜூல். மின்சார மீட்டரின் கணக்கில் சொன்னால் 60 யூனிட். 50 கி.மீ. வேகத்தில் அதே ரயிலிடம் இருப்பது 27 யூனிட்தான்.

வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, ஆற்றலில் பாதிக்கு மேல் போய்விட்டது. 75-லிருந்து 50-க்கு இறங்கும்போது பிரேக் தின்னும் ஆற்றல், 50-லிருந்து முழுதாக நிற்கும்போது தின்பதைவிட அதிகம். "கொஞ்சம்தானே குறைத்தோம்" என்று தோன்றுவது வேகமானியைப் பார்ப்பதால். ஆற்றலைப் பார்த்தால் அது கொஞ்சமே இல்லை.

நிற்கும் தூரமும் இதே இருமடிக் கணக்கில்தான் போகும். நொடிக்கு நொடி 0.5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், 75-இல் வரும் ரயில் நிற்க 434 மீட்டர், 50-இல் வந்தால் 193 மீட்டர். இதோடு பிரேக் பிடிக்கத் தொடங்கும் நேரத்தையும் கூட்ட வேண்டும். ரயிலில் அது பெரிய விஷயம். பெட்டிகளுக்கு அடியில் ஓடும் பிரேக் குழாயில் எப்போதும் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்கும். லோகோ பைலட் அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும். குறைந்த செய்தி எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டிவரை காற்றின் வழியாகவே போய்ச் சேர வேண்டும். முன்பெட்டி பிடித்து, பின்பெட்டி பிடித்து, முழு விசை வருவதற்குள் சில நொடிகள் போய்விடும். 75 கி.மீ. வேகத்தில் ஐந்து நொடி என்றால் 100 மீட்டருக்கு மேல்.

அழுத்தத்தைக் கூட்டிப் பிரேக் பிடிக்காமல் குறைத்துப் பிடிப்பது அருமையான யோசனை. பெட்டி கழன்றுகொண்டாலோ குழாய் அறுந்தாலோ காற்று வெளியேறிவிடும், யாரும் தொடாமலே ரயில் நின்றுவிடும்.

பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது, வண்டியை அல்ல

பிரேக் கட்டை சக்கரத்தையோ டிஸ்க்கையோ அழுத்துகிறது. அது வண்டிக்கு உள்ளேயே நடக்கும் வேலை. ஒரு வண்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து ஏதாவது அதைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். அந்தத் தள்ளலைக் கொடுப்பது தண்டவாளம், அல்லது தார்ச்சாலை, அல்லது தண்ணீர். எவ்வளவு கெட்டியான பிரேக் போட்டாலும், கீழே இருக்கும் பரப்பு தரும் பிடிமானத்துக்கு மேல் ஒரு துளியும் கிடைக்காது.

ரப்பர் டயருக்கும் காய்ந்த தாருக்கும் இடையே உராய்வுக் குணகம் சுமார் 0.7. அதாவது வண்டியின் எடையில் 70 சதவீதம் அளவுக்கு நிறுத்தும் விசை கிடைக்கும். எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையே, நன்றாகக் காய்ந்திருந்தால் 0.25 அளவில் இருக்கும். ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் 0.1-க்கும் வந்துவிடும். பாம்பனில் இரண்டு பக்கமும் கடல். தண்டவாளத்தில் உப்பு ஈரம் படியாத நாள் அபூர்வம்.

குறைந்த உராய்வு ரயிலின் குறை அல்ல, அதுதான் அதன் பலம். அவ்வளவு எடையைக் குறைந்த எரிசக்தியில் இழுக்க முடிவதே எஃகு எஃகின் மேல் லேசாக உருள்வதால்தான். அதற்கான விலையை நிறுத்தும் தூரத்தில் கொடுக்கிறோம். ஆகவே ரயில் பாலத்தில் எந்த ஆபத்தையும் "பார்த்து நிறுத்த" முடியாது. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயில் பாலத்துக்கு வராமலே சிக்னல் நிறுத்திவைத்தது இதற்காகத்தான். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் – தனுஷ்கோடி பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோன கரை இது. இங்கே அந்த விதியை யாரும் அலுப்பாக நினைக்கக் கூடாது.

மணல்: தண்டவாளத்தில் நண்பன், சாலையில் எதிரி

ரயில் எஞ்சின்களில் உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டிகள் இருக்கும். சக்கரம் வழுக்கினால் குழாய் வழியாகத் தண்டவாளத்தின் மேல் மணலைத் தூவுவார்கள், பிடிமானம் கூடும். அதே மணல் தனுஷ்கோடி சாலையில் கிடந்தால் டயர் வழுக்குகிறது. ஒரே பொருள் எப்படி இரண்டு விதமாக வேலை செய்கிறது?

விடை அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு ரயில் சக்கரம் பல டன் சுமையை ஒரு சின்னக் காசு அளவே உள்ள தொடுபரப்பில் இறக்குகிறது. அங்கே சிக்கிய மணல் நொறுங்கி இரண்டு எஃகுப் பரப்பையும் கடித்துக்கொள்கிறது. மேலே படிந்த ஈரத்தையும் பிசுக்கையும் கிழித்துவிடுகிறது. டயர் அகலமாகப் பரவி அழுத்துவது. அதன் அழுத்தம் மணலை நொறுக்காது. பருக்கைகள் ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் உருண்டுகொடுக்கின்றன. அப்புறம் டயர் தாரைத் தொடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை போகும் சாலையில் காற்றுக் காலத்தில் மணல் வந்து படிவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். 60 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு வேன் அங்கே பிரேக் அடித்தால் நிற்கும் தூரம்:

1. காய்ந்த, சுத்தமான தார் (குணகம் 0.7): 20 மீட்டர்.
2. நனைந்த தார் (0.4): 35 மீட்டர்.
3. மேலே மணல் படிந்த தார் (0.3 என்று வைத்துக்கொண்டால்): 47 மீட்டர்.

ஓட்டுநர் பார்த்து, காலை மாற்றி அழுத்த ஒரு நொடி ஆனால், மூன்றிலும் 17 மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கில் வண்டியின் எடை எங்குமே வரவில்லை. எடை கூடினால் நிறுத்த வேண்டிய உந்தம் கூடுகிறது, பிடிமானமும் அதே அளவு கூடுகிறது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. பைக்காக இருந்தாலும் வேனாக இருந்தாலும் மணலில் தூரம் நீளத்தான் செய்யும்.

அங்கே பைக்குகள் விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. திரும்புவதும் திசைவேக மாற்றம்தான் என்று மேலே சொன்னோம். அதற்கான விசையும் இதே பிடிமானத்திலிருந்துதான் வர வேண்டும். மணலில் ஏற்கெனவே குறைந்துபோன பிடிமானத்தை, பிரேக்குக்குப் பாதி, திரும்புவதற்குப் பாதி என்று பிரித்தால் இரண்டுக்கும் பற்றாது. முன்சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால் திருப்பும் விசை அடியோடு போய்விடும். சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ் செய்யும் வேலை. 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு அது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் இல்லாத பிடிமானத்தை ஏபிஎஸ் உருவாக்காது, இருப்பதைப் பாழாக்காமல் பயன்படுத்தும். மணலில் வேகத்தை நேர்பாதையிலேயே குறைத்துவிட்டு, பிரேக்கை விட்ட பிறகு திரும்புவதுதான் சரி.

பாலத்தின் மேல் பிரேக் பிடித்தால்

சரி, ரயிலுக்குத் திரும்புவோம். தண்டவாளம் ரயிலைப் பின்னோக்கித் தள்ளுகிறது என்றால், ரயில் தண்டவாளத்தை அதே விசையோடு முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. தரையில் ஓடும்போது இதைப் பூமி வாங்கிக்கொள்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பாலத்தில் அதை வாங்க வேண்டியவை கர்டர்கள் (தூணுக்குத் தூண் கிடக்கும் உத்திரங்கள்), அவை உட்காரும் தாங்கிகள், கடலுக்குள் நிற்கும் தூண்கள்.

நம்முடைய 1,000 டன் ரயில் நொடிக்கு நொடி 0.5 மீட்டர் வீதம் வேகம் குறைத்தால், மொத்தத் தள்ளல் ஏறக்குறைய 50 டன் எடைக்குச் சமம். கீழ்நோக்கி அல்ல, பாலத்தின் நீளவாக்கில். நல்லவேளையாக அரை கிலோமீட்டர் நீள ரயில் பல கர்டர்களில் பரவி நிற்கிறது. பாம்பனில் சாதாரணக் கர்டர் ஒன்று 18.3 மீட்டர்தான், எனவே ஒவ்வொன்றுக்கும் சிறு பங்கே வரும். தூக்குப் பகுதியின் 72.5 மீட்டரில் ஒரே நேரத்தில் மூன்று பெட்டிகள் நிற்கும். அதன் பங்கு பெரியது. தவிர, அது இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும் பகுதி. அதன் மேல் பிரேக் பிடிக்க வேண்டிய தேவையே வராமல், அங்கே வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சீராகக் கடந்துபோவதுதான் நல்லது.

இரு முனைகளிலும் உள்ள இணைப்பு

தூக்குப் பகுதி மேலே போக வேண்டுமானால் தண்டவாளம் இரு முனைகளிலும் பிரிந்தாக வேண்டும். எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் பிரிந்து சேரும் இடம் தொடர்ச்சியான தண்டவாளம் ஆகாது. சக்கரம் அந்த இடத்தில் மிகச் சிறிய அளவு இறங்கி ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கம் செங்குத்தான ஒரு திசைவேக மாற்றம். ரயில் வேகமாக வந்தால் அதே மாற்றம் இன்னும் குறைந்த நேரத்தில் நடக்க வேண்டும், ஆகவே அடி பலமாக விழும். இணைப்பில் விழும் கூடுதல் அடி பொதுவாக வேகத்தோடு நேராகக் கூடும். 75-இலிருந்து 50-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரு தடவை விழும் அடி எதையும் செய்துவிடாது. ஒவ்வொரு ரயிலின் ஒவ்வொரு அச்சும், ஆண்டுக்கணக்கில், அதே இடத்தில் அடிப்பதுதான் எஃகில் களைப்பு விரிசலைக் கொண்டுவருகிறது. உப்புக் காற்று அரித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் அந்த விரிசல் சீக்கிரம் வளரும்.

இதனால் பயணிக்கு எவ்வளவு நேரம் போகிறது? கணக்குப் போட்டுவிடலாம். எஞ்சின் தூக்குப் பகுதியைத் தாண்டியதும் வேகம் எடுக்க முடியாது. கடைசிப் பெட்டியும் தாண்ட வேண்டும். கட்டுப்பாடு முடியும் இடத்தைக் காட்டும் "டி/பி" பலகையை ஒரு ரயில் நீளம் தள்ளி வைப்பது அதனால்தான். 550 மீட்டர் ரயில் என்றால் 72.5-ஐயும் சேர்த்துச் சுமார் 620 மீட்டர் 50-இல் ஓட வேண்டும். அதற்கு 45 நொடி ஆகும். 75-இல் 30 நொடி. வேகம் குறைக்கவும் மறுபடி எடுக்கவும் ஆகும் இழப்பு இன்னும் பத்துப் பன்னிரண்டு நொடி. மொத்தம் அரை நிமிடத்தைச் சுற்றித்தான். இந்த அரை நிமிடத்துக்கு இணைப்பில் விழும் அடி மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ரயில் சுமந்துவரும் ஆற்றல் பாதிக்கு மேல் குறைகிறது. இதைவிட மலிவான பேரம் பொறியியலில் அதிகம் கிடையாது.

பாலமே நகரும்போது

தூக்குப் பகுதியின் எடை சுமார் 660 டன், அது 17 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அவ்வளவு எடையை மோட்டார் நேரடியாகத் தூக்குவதில்லை. கோபுரங்களில் எதிர் எடைகள் தொங்குகின்றன. தராசைப் போல ஒரு பக்கம் இறங்க, இன்னொரு பக்கம் ஏறும். எடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் மோட்டார் உராய்வையும் காற்றையும் சமாளித்தால் போதும்.

பலரும் கவனிக்காத இடம் இதுதான். எடைகள் கழிந்துகொண்டாலும் நிலைமம் (இருக்கும் நிலையை மாற்ற விடாத தன்மை) கழிவதில்லை, கூடுகிறது. நகர்த்தவும் நிறுத்தவும் வேண்டிய நிறை, பாலப் பகுதியும் எதிர் எடைகளும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே மெதுவாகத் தொடங்கி, மெதுவாக முடிக்க வேண்டும்.

கீழே வந்து உட்காரும் நேரத்தை மட்டும் பார்ப்போம். 660 டன் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் 3,300 ஜூல். ரொம்பக் குறைவு. அதைப் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் பதமாக நிறுத்தினால் தாங்கியின் மேல் விழும் சராசரிக் கூடுதல் விசை மூன்றரை டன் அளவுதான். அதே வேகத்தில் வந்து ஒரு மில்லிமீட்டருக்குள் "டக்" என்று உட்கார்ந்தால் கிட்டத்தட்ட 340 டன். வேகமும் அதே, எடையும் அதே, நிறுத்திய தூரம் மட்டும்தான் நூறில் ஒன்றாகிவிட்டது. கடைசிச் சில சென்டிமீட்டரில் பாலம் தயங்கித் தயங்கி இறங்குவதைப் பார்த்து, கோளாறோ என்று யாரும் பதற வேண்டாம். அந்தத் தயக்கம்தான் அதன் பிரேக்.

பாலத்துக்கு அடியில்: பிடிக்கத் தரை இல்லாதவர்கள்

படகுக்குப் பிரேக் கிடையாது. எஞ்சினை நியூட்ரலில் போட்டால் அதன் வேகத்தைக் குறைப்பது தண்ணீரின் எதிர்ப்பு மட்டுமே, அதுவும் ஏறக்குறைய வேகத்தின் இருமடிப்படி. வேகமாகப் போகும்போது பலமாகத் தடுக்கும் தண்ணீர், வேகம் குறையக் குறையக் கைவிட்டுவிடும். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும் ஒரு விசைப்படகு முதல் 60 மீட்டரில் பாதி வேகத்துக்கு வருகிறது என்றால், அதற்கு 22 நொடி. அடுத்த பாதிக்கு மறுபடி 60 மீட்டர், ஆனால் 43 நொடி. அதற்கடுத்த பாதிக்கும் 60 மீட்டர், 87 நொடி. தூரம் அதேதான், நேரம்தான் இரட்டிக்கிறது. படகு நின்றுவிட்டது என்று தோன்றிய பிறகும் நழுவிக்கொண்டே இருப்பது இதனால்.

ரிவர்ஸ் போட்டால் சீக்கிரம் நிற்கும், ஆனால் அப்போது சுக்கானின் மேல் பாயும் தண்ணீர் குலைந்துவிடும். பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கும், படகு சொன்ன பேச்சுக் கேட்காது.

இதற்கெல்லாம் மேலே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இருக்கிறது. பாம்பன் கால்வாய் மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் சேர்க்கும் ஒடுக்கமான வழி. பருவத்துக்கு ஏற்ப நீரோட்டம் திசை மாறும். தண்ணீரைப் பொறுத்து நின்றுவிட்ட படகு, பாலத் தூணைப் பொறுத்து நிற்பதில்லை. நீரோட்டம் நொடிக்கு ஒரு மீட்டர் என்றால், எஞ்சின் அணைந்த அரை நிமிடத்தில் 30 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

இங்கே திசை எவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்கே சொல்லும். சுக்கான் கேட்க வேண்டுமானால் படகு தண்ணீருக்குள் நொடிக்கு 3 மீட்டராவது ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டத்தை எதிர்த்து வந்தால் தூணைப் பொறுத்து அதன் வேகம் 2 மீட்டர். நீரோட்டத்தோடு வந்தால் 4 மீட்டர். எஞ்சினும் சுக்கானும் அதே அளவுக்குத்தான் கைகொடுக்கும். ஆனால் தப்பித்தவறி மோதினால் தூணும் படகும் வாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. பாலம் தூக்குவதற்காகக் காத்திருக்கும் பெரிய படகுகள், நீவாடு தூணை நோக்கி ஓடும் பக்கமாக இருந்தால், எஞ்சினை மட்டும் நம்பி மிதந்துகொண்டிருக்கக் கூடாது. வெகுதூரம் முன்னாலேயே நங்கூரம் போட்டுவிட வேண்டும். படகில் இருக்கும் பொருள்களில் அது ஒன்றுதான் தண்ணீரை விட்டுத் தரையைப் பிடிக்கும்.